வளைந்த ஃபிரெட் நெக்: வாங்கும் முன்பும் பொருத்தும்போதும் எதை எந்த வரிசையில் செய்வது

கிட்டாரின் ஆறு கம்பியையும் ட்யூனரில் பச்சை விளக்கு வரும்வரை சேர்த்தாகிவிட்டது. ஆனாலும் ஈ மேஜர் கார்டு பிடித்தால் ஏதோ ஒரு ஸ்வரம் மட்டும் ஒட்டாமல் தனியே நிற்கிறது. உடனே இணையத்தில் தேடி, பாம்பு நெளிகிற மாதிரி ஃபிரெட் (ஸ்வரங்களைப் பிரிக்கும் உலோகப் பட்டை) வைத்த நெக்கை, அதாவது கிட்டாரின் கழுத்தைப் பார்த்து, இதுதான் மருந்து என்று காசைக் கட்டிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் கட்டினேன். அதற்கப்புறம் நண்பர்கள் சிலருடைய கிட்டாரிலும் இதே வேலையைச் செய்ததில், முக்கால்வாசிப் பேருக்குக் கோளாறு ஃபிரெட்டில் இல்லை என்று தெரிந்தது. நட் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளம் வெட்டிய சின்னக் கட்டை) சரியில்லாத கிட்டாரில் எவ்வளவு விலையுள்ள நெக்கை மாட்டினாலும், புதிய நட்டும் உயரமாக இருந்தால் அதே அழுகைதான்.

அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் அடுத்த படியின் அளவைப் பாதிக்கும்.

0. கையில் இருக்க வேண்டியவை

ஒரு சென்டுக்கும் குறைவான வித்தியாசத்தைக் காட்டும் ஸ்ட்ரோப் ட்யூனர் வேண்டும். கைப்பேசிச் செயலியாக இருந்தாலும் பரவாயில்லை. கிட்டாரின் தலையில் மாட்டும் சின்ன ட்யூனர் மேடைக்குப் போதும், இந்த வேலைக்குப் போதாது. ஃபிலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), அரை மில்லிமீட்டர் கோடு போட்ட இரும்பு ரூலர், கேப்போ (எல்லாக் கம்பியையும் ஒரே ஃபிரெட்டில் அமுக்கிப் பிடிக்கும் கவ்வி), டிரஸ் ராடுக்கு (நெக்குக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பிக்கு) பொருந்தும் ஆலன் கீ, நல்ல நட்சத்திரத் திருப்புளி, புதிய கம்பி ஒரு செட், இவ்வளவுதான். சிங்கப்பூரில் இதையெல்லாம் தேடி அலைய வேண்டாம், சிட்டி ஹால் பக்கம் பெனின்சுலா கடைத்தொகுதியில் ஒரு சுற்றுச் சுற்றினால் போதும்.

சென்ட் என்றால் என்ன என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பக்கத்துப் பக்கத்து இரண்டு ஃபிரெட்டுக்கு நடுவில் இருப்பது 100 சென்ட். சேர்ந்து ஒலிக்கும் இரண்டு ஸ்வரங்களில் ஐந்தாறு சென்ட் விலகினாலே பழகிய காது கண்டுபிடித்துவிடும்.

1. புதிய கம்பி, லேசான கை

பழைய கம்பியை வைத்து எதையும் அளக்காதீர்கள். வியர்வையும் துருவும் ஒரே சீராகப் படிவதில்லை, அதனால் கம்பியின் கனம் இடத்துக்கு இடம் மாறும், 12ஆம் ஃபிரெட்டில் எடுத்த அளவு பொய்யாகிவிடும். நம் ஊர் வெக்கைக்கு இது இன்னும் சீக்கிரமே நடக்கும்.

அடுத்தது கை. மெல்லிய கம்பியை உடும்புப் பிடியாக அமுக்கினால் 10 சென்ட் ஏறுவது சாதாரணம். ட்யூனரைப் பார்த்துக்கொண்டே மூன்றாம் ஃபிரெட்டில் முதலில் லேசாகவும், பிறகு நீங்கள் வழக்கமாக வாசிக்கும் அழுத்தத்திலும் பிடித்துப் பாருங்கள். இரண்டுக்கும் பெரிய இடைவெளி இருந்தால், நெக்குக்கு வைத்திருக்கும் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு, கம்பியை ஒரு கனம் கூட்டி, கையை ஒரு மாதம் பழக்குங்கள். இதைச் சொன்னால் கோபப்படுகிறவர்கள் உண்டு. நானும் கோபப்பட்டேன்.

2. நெக்கின் வளைவு

முதல் ஃபிரெட்டில் கேப்போ போட்டு, நெக் உடலோடு சேரும் இடத்தில் கம்பியை அமுக்கி, ஏழாம் ஃபிரெட்டின் தலைக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். எலெக்ட்ரிக் கிட்டாருக்கு 0.2 முதல் 0.3 மிமீ சரி. அதற்கு மேல் போனால் கம்பி அதிகம் கீழிறங்க வேண்டியிருக்கும், இறங்க இறங்க இழுபடும், இழுபட இழுபடச் சுருதி ஏறும்.

டிரஸ் ராடை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். திருப்பியதும் அளந்து முடித்துவிடாமல் மறுநாளும் ஒருமுறை பாருங்கள். இங்கே வெளியில் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல், குளிர்சாதனம் ஓடும் படுக்கையறையில் அதைவிட எவ்வளவோ குறைவு. இரவெல்லாம் குளிரில் கிடந்த கிட்டாரை மாலையில் புளோக்கின் கீழ்த்தளத்துக்கு எடுத்துப்போய் வாசித்தால் மரம் தன் போக்கில் அசையத்தான் செய்யும். எந்த அறையில் வாசிப்பீர்களோ அந்த அறையிலேயே அளவெடுங்கள்.

3. நட்: பாதிக் கோளாறு இங்கேதான்

இரண்டாம் ஃபிரெட்டுக்கும் மூன்றாம் ஃபிரெட்டுக்கும் நடுவில் கம்பியை அமுக்கிக்கொண்டு, முதல் ஃபிரெட்டின் மேலே எட்டிப் பாருங்கள். ஒரு தாள் நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி இருக்க வேண்டும். கடையிலிருந்து நேராக வரும் கிட்டார்களில் இதைவிட உயரமாக விட்டுவிடுவது வழக்கம், ஏனென்றால் பள்ளம் அதிகமாகிக் கம்பி உதறினால் வாங்கியவர் திருப்பிக் கொண்டுவருவார், சுருதி கொஞ்சம் ஏறினால் யாரும் திருப்பிக் கொண்டுவருவதில்லை.

நட் உயரமாக இருந்தால் முதல் மூன்று ஃபிரெட்டும் ஏறி நிற்கும், மேலே போகப் போகச் சரியாகிவிடும். நாம் பிடிக்கிற ஓப்பன் கார்டு (சில கம்பிகளைப் பிடிக்காமல் திறந்தே விடும் கார்டு) எல்லாம் அந்த மூன்று ஃபிரெட்டுக்குள்தான் இருக்கிறது. அதனால்தான் கார்டு கெட்டும் தனிவாசிப்பு நன்றாகவும் கேட்கிறது.

நட் அரம் இல்லாமல் கையில் கிடைத்த ஊசி அரத்தால் ராவ வேண்டாம். பள்ளம் அதிகமாகிவிட்டால் புது நட்தான் போட வேண்டும். பழுது பார்ப்பவரிடம் கொடுத்து, இந்த அளவுக்கு வேண்டும் என்று சொல்லிச் செய்துகொள்ளுங்கள்.

4. சேடில்

சேடில் என்பது உடல் பக்கம் கம்பிகள் உட்காரும் முனை, முன்னும் பின்னும் நகர்த்தலாம். நட்டுக்கு அப்புறம்தான் இது. முன்னால் செய்தால் நட்டை மாற்றியதும் எல்லாம் கலைந்துவிடும்.

திறந்த கம்பியைச் சேர்த்துவிட்டு, 12ஆம் ஃபிரெட்டில் பிடியுங்கள். ஏறியிருந்தால் சேடிலை ஃபிரெட்டுகளை விட்டு விலகும் பக்கமாகத் தள்ளுங்கள், இறங்கியிருந்தால் ஃபிரெட்டுகளை நோக்கிக் கொண்டுவாருங்கள். 648 மிமீ ஸ்கேல் (கம்பி அதிரும் கணக்கு நீளம்) உள்ள கிட்டாரில் ஒரு சென்டுக்கு ஏறக்குறைய 0.4 மிமீ. ஐந்து சென்ட் ஏறியிருந்தால் சேடில் கிட்டத்தட்ட 2 மிமீ நகர வேண்டும். நகர்த்தும் முன் கம்பியைத் தளர்த்துங்கள், நகர்த்திய பின் திறந்த கம்பியை மறுபடி சேர்த்துவிட்டு அளங்கள். இந்தக் கடைசி வேலையை மறந்துவிட்டு, திருகிக்கொண்டே இருக்கிறேன் எதுவும் மாறவில்லை என்று சொல்பவர்கள் நிறைய.

கிட்டாரை மேசையில் படுக்க வைத்து அளக்காதீர்கள். வாசிக்கிற மாதிரி மடியில் வைத்தே அளங்கள். படுக்கும்போது நெக்கின் எடை விழும் விதம் வேறு.

5. இப்போதும் மிஞ்சுவது எது?

இந்த இடத்தில் நின்று ஒரு சோதனை செய்யுங்கள். ஒவ்வொரு ஸ்வரமாக ட்யூனரில் பாருங்கள். தனித்தனியாக எல்லாம் சரியாக இருந்தும் ஈ மேஜர் மட்டும் இன்னும் உறுத்துகிறது என்றால்தான், ஃபிரெட் இருக்கும் இடத்தைப் பற்றிப் பேச வேண்டும். தனித்தனியாகவே சரியில்லை என்றால் மேலே போய் மறுபடி தொடங்குங்கள்.

உறுத்தலின் காரணம் இதுதான். நேர் ஃபிரெட் கிட்டாரில் எண்மத்தைப் பன்னிரண்டு சமப் பங்காகப் பிரித்திருக்கிறார்கள். அதில் மேஜர் தேர்ட், அதாவது நம் அந்தர காந்தாரம், 400 சென்டில் விழுகிறது. தம்புராவோடு இழைகிற காந்தாரம் 5:4 விகிதம், அது 386 சென்ட்தான். ஆக 14 சென்ட் கூடுதல். ஈ மேஜரில் நாலாம் கம்பியின் இரண்டாம் ஃபிரெட்டில் இருக்கும் ஈயையும், மூன்றாம் கம்பியின் முதல் ஃபிரெட்டில் இருக்கும் ஜி ஷார்ப்பையும் சேர்த்து மீட்டினால் நொடிக்கு ஆறேழு அலை அடிப்பது கேட்கும். அதுதான் அந்த ஒட்டாத ஸ்வரம்.

சரி, அந்த ஜி ஷார்ப்பை 14 சென்ட் இறக்கிவிட்டால் என்ன? இறக்கலாம், முதல் ஃபிரெட்டில் அந்தக் கம்பிக்குக் கீழே மட்டும் கிட்டத்தட்ட 5 மிமீ நட்டுப் பக்கமாகத் தள்ள வேண்டியிருக்கும். ஈ மேஜர் தேனாக இருக்கும். அப்புறம் முதல் ஃபிரெட்டில் ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அமுக்கி (இதுதான் பார்) எஃப் மைனர் பிடியுங்கள். அதே கம்பி, அதே ஃபிரெட், ஆனால் இப்போது அது எஃப்பின் மைனர் தேர்ட். 6:5 விகிதப்படி அது 16 சென்ட் ஏறியிருக்க வேண்டும்! ஒரு கார்டு 14 இறங்கு என்கிறது, இன்னொன்று 16 ஏறு என்கிறது. மில்லிமீட்டரில் சொன்னால் ஒரே ஃபிரெட் 10 மிமீ இடைவெளியில் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும்.

இந்த ஒன்று புரிந்துவிட்டால் விளம்பரங்கள் உங்களை ஏமாற்ற முடியாது. எந்த ஃபிரெட்டாலும் எல்லாக் கார்டையும் சுத்தமாக்க முடியாது. வளைந்த ஃபிரெட் செய்வது பங்கீடுதான்: அதிகம் வாசிக்கும் கார்டுகளுக்குக் கொஞ்சம் கொடுத்து, அரிதாக வாசிக்கும் கார்டுகளிடம் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது.

வீணையில் மெழுகின் மேல் மெட்டு வைத்து மேளம் கட்டுகிறவர்கள் காதால்தானே இடம் பார்க்கிறார்கள், அங்கே நேர் மெட்டே போதுமாக இருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. வீணையில் வாசிப்புக் கம்பிகள் ஸட்ஜமமும் பஞ்சமமுமாகச் சேர்ந்திருக்கின்றன, ஸட்ஜமம் கச்சேரி முழுவதும் அசைவதில்லை. கிட்டாரில் கார்டுக்குக் கார்டு ஸட்ஜமம் இடம் மாறுகிறது, கம்பிகளும் நாலாம் ஸ்வர இடைவெளியில் போய் நடுவில் ஒரு இடத்தில் மட்டும் மூன்றாம் ஸ்வர இடைவெளிக்குத் தாவுகின்றன. கம்பிக்குக் கம்பி தேவை வேறு என்பதால்தான் ஃபிரெட் நெளிகிறது.

6. எதை வாங்குவது

*காம்பன்சேட்டட் நட்:* கம்பிக்குக் கம்பி நட்டின் விளிம்பை ஃபிரெட்டுகளை நோக்கிச் சற்றே தள்ளியிருப்பார்கள். 1 மிமீ தள்ளினால் கீழ் ஃபிரெட்டுகள் திறந்த கம்பியை விட ஏறக்குறைய இரண்டரை சென்ட் இறங்கும். விலை குறைவு, திரும்பக் கழற்றலாம். படி 3 முடிந்தும் கீழ் ஃபிரெட் ஏறியிருந்தால் முதலில் இதைப் போடுங்கள். போட்டதும் சேடிலை மறுபடி சரிசெய்ய வேண்டும்.

*விசிறி ஃபிரெட்:* இதையும் வளைந்த ஃபிரெட்டையும் ஒன்றென்று நினைத்து வாங்கியவரை எனக்குத் தெரியும். 1989இல் ரால்ஃப் நோவாக் காப்புரிமை பெற்ற வடிவம் இது. கனமான கம்பிக்கு நீளத்தைக் கூட்டி, மெல்லிய கம்பிக்குக் குறைத்து, இறுக்கத்தைச் சீராக்குவதுதான் இதன் வேலை. ஒவ்வொரு கம்பியிலும் பிரிவு அதே பன்னிரண்டு சமப் பங்கு. கனமான கம்பி தெளிவாகும், ஆனால் அந்த 14 சென்ட் அப்படியே இருக்கும்.

*வளைந்த ஃபிரெட்:* சுவீடனின் ட்ரூ டெம்பரமென்ட் செய்வதுதான் பலரும் அறிந்தது, ஆண்டர்ஸ் திடெல் உருவாக்கியது. ஒவ்வொரு ஃபிரெட்டும் ஒவ்வொரு கம்பிக்குக் கீழேயும் தனி இடத்தில் நிற்கும். இந்த வழிகாட்டியின் மீதி இதைப் பற்றித்தான்.

*நகர்த்தும் ஃபிரெட்:* துருக்கியின் டோல்கஹான் சோவுலு செய்த மைக்ரோடோனல் கிட்டார் இந்த வகை, கம்பிக்குக் கம்பி குட்டி ஃபிரெட்டுகளைத் தள்ளி வைக்கலாம். ராகத்துக்கேற்ப ஸ்வரஸ்தானம் மாற்றிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குச் சொர்க்கம். ஒரு பஜனைக்குள் பத்துக் கார்டு மாற்றுகிறவர்களுக்கு ஆகாது.

7. ஆர்டர் செய்யும் முன்

முதலில், உங்கள் நெக் கழற்றக்கூடியதா? பின்னால் நாலு திருகு தெரிந்தால் கழற்றலாம். ஒட்டியிருந்தால் நெக்கை மாற்றும் பேச்சே இல்லை, ஃபிரெட்டையும் ஃபிங்கர்போர்டையும் (ஃபிரெட்டுகள் பதிந்த பலகையையும்) மாற்றும் பெரிய வேலை அது, வீட்டில் செய்யக்கூடியதல்ல.

ஸ்கேல் நீளத்தைப் பழைய நெக்கில் அளங்கள்: நட்டின் விளிம்பிலிருந்து 12ஆம் ஃபிரெட்டின் நடுவரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். நட்டிலிருந்து சேடில் வரை அளக்கிறவர்கள் தப்பான எண்ணை எழுதிவிடுகிறார்கள், ஏனென்றால் சேடில் ஏற்கனவே இரண்டு மூன்று மிமீ பின்னால் தள்ளப்பட்டிருக்கும்.

நெக் உட்காரும் பள்ளத்தின் அகலத்தையும் அளங்கள். ஃபெண்டர் வகையில் 56 மிமீயை ஒட்டி வரும். ஆனால் ஒட்டி வரும் என்பதை நம்பி ஆர்டர் போடாதீர்கள், அரை மிமீ கூடினால்கூட நுழையாது.

கடைசியாக, எந்தக் கம்பிக் கனத்துக்கும் எந்த ட்யூனிங்குக்கும் கணக்கிட்ட நெக் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சாதாரண ட்யூனிங்குக்குச் செய்த நெக்கில் ஒரு சில கம்பிகளை மட்டும் இறக்கினால், அந்தக் கம்பிகளுக்குக் கீழே உள்ள வளைவுகள் வேறு ஸ்வரங்களின் கீழே போய்விடும். ட்யூனிங்கை அடிக்கடி மாற்றுகிறவர் என்றால் வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

8. வரியும் மரமும்

400 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் மதிப்புள்ள பார்சலுக்கு இறக்குமதியின்போது 9 சதவீதம் பொருள் சேவை வரி உண்டு. பொருளின் விலையோடு அனுப்பும் செலவையும் காப்பீட்டையும் கூட்டித்தான் கணக்கிடுவார்கள், பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். ரோஸ்வுட் ஃபிங்கர்போர்டு பற்றிப் பயந்து கேட்கிறார்கள். 2017இல் வந்த சைட்டீஸ் (அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) கட்டுப்பாட்டிலிருந்து முடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கும் அவற்றின் பாகங்களுக்கும் 2019 நவம்பரில் விலக்கு கிடைத்துவிட்டது. பிரேசிலியன் ரோஸ்வுட்டுக்கு மட்டும் அந்த விலக்கு இல்லை.

9. பொருத்துதல்

பெட்டியைப் பிரித்த அன்றே பொருத்தாதீர்கள். குளிர் நாட்டிலிருந்து வந்த மரம், இரண்டு மூன்று நாள் உங்கள் அறையில் கிடக்கட்டும்.

நெக்கைப் பள்ளத்தில் உட்காரவைத்து, துளை போடும் முன் இரண்டு ஓரக் கம்பிகளை மட்டும் மாட்டி லேசாக இழுத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஃபிங்கர்போர்டின் விளிம்புக்குச் சம தூரம் இருக்க வேண்டும். முதல் தடவை நான் இதைச் செய்யாமல் பழைய துளையின் கணக்கில் குறித்துத் துளைத்துவிட்டேன். பார்சல் வந்த சந்தோஷம். பிறகு பார்த்தால் மெல்லிய ஈ கம்பி பதினைந்தாம் ஃபிரெட்டுக்கு மேல் விளிம்பிலிருந்து வழுக்கி விழுந்துகொண்டிருந்தது. மரக் குச்சி வைத்து ஒட்டி, துளையை அடைத்து, மறுபடி துளைக்க ஒரு வாரம் போனது.

நேராக இருக்கிறது என்று உறுதியானதும், உடலில் உள்ள துளைகள் வழியாகக் குறித்துக்கொண்டு, ஏறக்குறைய 3 மிமீ துரப்பணத்தால் துளையுங்கள். ஆழம் எவ்வளவு என்று துரப்பணத்தில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஃபிங்கர்போர்டு வழியாக வெளியே வந்துவிடும். திருகில் மெழுகைத் தேய்த்து முறுக்குங்கள், மேப்பிள் கடினமான மரம், காய்ந்த திருகு உள்ளேயே முறிந்துவிடும்.

அதற்குப் பிறகு படி 2, 3, 4 மூன்றையும் புதிய நெக்கில் முதலிலிருந்து செய்யுங்கள். ஆமாம், மறுபடியும்.

10. சேர்ப்பது வேறு மாதிரி

வளைந்த ஃபிரெட் நெக்கோடு ஒரு அட்டவணை வரும்: எந்தத் திறந்த கம்பி எத்தனை சென்ட் ஏறி அல்லது இறங்கி இருக்க வேண்டும் என்று. அதன்படிதான் சேர்க்க வேண்டும். சாதாரண ட்யூனரில் ஆறையும் நடுக்கோட்டில் நிறுத்தினால் வளைவுகளின் கணக்கு முழுவதும் கெட்டு, பழைய நெக்கே தேவலை என்று தோன்றும். ‘மாட்டிப் பார்த்தேன், சரியில்லை’ என்று சொல்பவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான். சென்ட் விலகலைப் பதிவு செய்து வைக்கக்கூடிய ட்யூனர் இருந்தால் ஒரே தடவை பதித்துவிடலாம்.

சேடிலுக்கு மட்டும் பழைய முறைதான். 12ஆம் ஃபிரெட்டில் வருவது திறந்த கம்பியின் அதே ஸ்வரம், அதனால் விலகலும் அதேதான்.

ஐந்தாம் ஃபிரெட்டைப் பிடித்து அடுத்த கம்பியைக் காதால் சேர்க்கும் பழக்கத்தையும் ஹார்மானிக்ஸ் (கம்பியை அமுக்காமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலி) வைத்துச் சேர்ப்பதையும் விட்டுவிடுங்கள். ஹார்மானிக்ஸ் சுத்த விகிதத்தில் ஒலிக்கும், நெக் வேறு கணக்கில் இருக்கிறது.

11. பாட்டுக்காரர்களோடு உட்காரும்போது

பஜனையில் ஒருவர் ஒன்றரைக் கட்டை என்பார், அடுத்தவர் ஐந்து என்பார். கேப்போ தாராளமாகப் போடலாம். ஃபிரெட்டுகள் இடம் மாறுவதில்லை, ஒவ்வொரு ஸ்வரமும் தன் விலகலோடு அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் கிட்டார் முழுவதையும் அரைக் கட்டை இறக்கிச் சேர்த்தால், இனிக்கிற கார்டுகளும் அரைக் கட்டை இறங்கிவிடும். ஈ வடிவத்தில் கிடைத்த இனிமை இப்போது ஈ ஃபிளாட்டில் கிடைக்கும், பாட்டு ஈயில் இருந்தால் பலனில்லை.

எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டியோடு வாசித்தால் உங்கள் ஸட்ஜமம் அதிலிருந்து சில சென்ட் தள்ளி இருக்கலாம். பெட்டியின் நுண்சுருதிக் குமிழைத் திருப்பிக் கிட்டாரோடு சேருங்கள், கிட்டாரைத் தொடாதீர்கள். கீபோர்டு வாசிப்பவர் கூட இருந்தால் எதையும் நகர்த்தவே வேண்டாம், அந்தச் சில சென்ட் கூட்டத்தில் கரைந்துவிடும். நேர் ஃபிரெட் கிட்டார் ஒன்று பக்கத்தில் அதே கார்டை அதே இடத்தில் வாசித்தால்தான் உரசல் தெரியும். ஒருவர் மேலே போய் வேறு வடிவத்தில் பிடித்தால் உரசல் பெரிதாகத் தெரியாது.

12. தேய்மானம், பழைய நெக்

கம்பியை வளைத்து இழுப்பதற்கு இந்த ஃபிரெட்டுகள் தடையில்லை, இரண்டு வாரத்தில் விரல் மறந்துவிடும். தேய்ந்த பிறகுதான் சிக்கல். சாதாரண ஃபிரெட்டின் தலையை உருட்டும் அரம் நேர்க்கோட்டில் ஓடக்கூடியது, நெளிவில் ஓடாது. உங்களுக்குப் பழக்கமான பழுது பார்ப்பவரிடம், இதைத் தொடுவீர்களா என்று வாங்கும் முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

பழைய நெக்கை விற்றுவிடாதீர்கள். டிரஸ் ராடைச் சற்றுத் தளர்த்தி, நாலு திருகையும் ஒரு சின்னப் பையில் போட்டு நெக்கிலேயே கட்டி, ஈரம் ஏறாத அலமாரியில் வையுங்கள். நட்டின் அளவு, சேடில் நின்ற இடம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அதே பையில் போட்டுவிட்டால், மறுபடி மாட்ட நேர்ந்தால் ஒரு மணி நேர வேலைதான்.